என் வீட்டில் குடைக்குப் பெயர் செவ்வாய்க்கிழமை

மதியம் மூன்று மணிக்கெல்லாம் நாயுடுபுரத்தில் மேகம் இறங்கி வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிடும். அப்படியொரு மதியத்தில் நானும் என் மகள் ஜெசியும் தரையில் பாயை விரித்து எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. எங்களுக்கு நடுவே படங்கள் அச்சடித்த இரண்டு அட்டைகள், பக்கத்தில் ஒரு துணிப்பை.

பைக்குள் கையை விட்டு ஒரு சின்னச் சீட்டை எடுத்தேன். சிவப்புக் குடை, வளைந்த கைப்பிடி. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குடை தெரியாமல் போகுமா? வாயைத் திறந்தேன்.

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

ஜெசி என் முகத்தைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் அட்டையில் தேடினாள்.

"செவ்வாய்க்கிழமை எங்கிட்டதான் இருக்கு!" என்று கத்திக்கொண்டே சீட்டைப் பிடுங்கித் தன் அட்டையிலிருந்த குடையின் மேல் வைத்துக்கொண்டாள்.

அவள் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "அடுத்தது எடுப்பா" என்று பையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

சென்ற வாரம் படகுத்துறைக் கதைகளைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார், "இவ்வளவு பெரிய வாயாடி பேச்சை விட்டுவிட்டு எழுத்துக்கு எப்படி வந்தீர்கள்?" என்று. நான் எங்கே ஐயா விட்டேன்? அதுதான் என்னை விட்டுவிட்டுப் போனது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தத் தொடரில் இனி ஒரு அடி நகர முடியாது.

வாயை நம்பிப் பிழைத்தவன்

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி. நான் கொடைக்கானலில் சுற்றுலா கைடு. காலையில் வேனில் ஏறி மைக்கைப் பிடித்தால் சாயங்காலம் இறக்கிவிடும்வரை வாய் மூடாது. தமிழ், மலையாளம், அரைகுறை இந்தி, பந்தியில் சாம்பார் கேட்கிற அளவுக்குத் தெலுங்கு. சிரிக்க மறுக்கும் மாமனார்களைச் சிரிக்க வைப்பதில் ஊரில் எனக்கு நல்ல பெயர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. ஒருமுறை கொல்கத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மா, சாலையோரம் பூத்துக் கிடந்த ஒரு நீலப் பூவைக் காட்டி அதன் பெயர் கேட்டார். எனக்குத் தெரியாது. கண்ணிமைக்காமல் "மழைக்கண்ணி" என்றேன். அந்த அம்மா பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

அடுத்த சீசனில் வேறொரு கைடு தன் கூட்டத்திடம் அதே பூவைக் காட்டி, "இதுக்குப் பேரு மழைக்கண்ணி, ரொம்ப அபூர்வமானது" என்று அளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற எனக்குப் புல்லரித்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கும் ஏரிப் பக்கம் யாராவது ஒருவர் அந்தப் பூவை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மதுரையிலிருந்து வரும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொள்ள வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர்கள் பெட்டிகளோடு இறங்கினார்கள். கை கூப்பி "வணக்கம், வாங்க வாங்க" என்று சொல்லப் போனேன். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, அதில் சொல் என்று எதுவும் இல்லை. அந்தக் குடும்பத் தலைவர் மனைவியையும் பிள்ளைகளையும் பின்னால் இழுத்துக்கொண்டார். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

டீக்கடையில் நின்ற ஒரு அம்மாதான் என் வாய் கோணியிருப்பதைக் கவனித்தார். "ஏலே, இந்தாளு குடிக்கலைலே, வாயப் பாரு, ஒரு பக்கமா இழுக்குது! ஆட்டோவக் கூப்பிடு, வெரசா!" என்று அவர் போட்ட கூச்சல்தான் நான் கேட்ட கடைசித் தெளிவான பேச்சு. அடுத்து மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண் திறந்தேன்.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். கை, கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னபடி கேட்க ஆரம்பித்தன. பேச்சுதான் திரும்பவில்லை. மற்றவர்கள் பேசுவது எல்லாம் புரியும். எதைப் பார்த்தாலும் என்னவென்று தெரியும். பெயரைச் சொல்லப் போனால் மட்டும் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று வந்து விழும். தண்ணீர் கேட்க வேண்டிய நேரத்தில் 'டிக்கெட்' என்பேன். அதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்று முடிவு செய்து ஊமையாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பாய் கடையில் ஒரு பொய்

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம் ஒரு வழி சொன்னார். "படத்தப் பாத்துப் பேர் சொல்லிப் பழகுங்க. சரியா தப்பாங்கறது அப்புறம். வாயத் தொறந்துக்கிட்டே இருக்கணும், அதான் முக்கியம். வீட்ல சின்னப் பிள்ளை இருக்குல்ல? படம் பொருத்துற விளையாட்டு ஒண்ணு வாங்கி அவளோட விளையாடுங்க."

என் மனைவி எஸ்தர் ஊர் திரும்பிய அன்றைக்கே என்னை பஜாருக்கு அழைத்துப் போனாள். காதர் பாய் கடையில் சாக்லேட், தைலம், கம்பளித் தொப்பி, பொம்மை எல்லாம் இருக்கும். எத்தனையோ வேன் கூட்டத்தை நான் அந்தக் கடை வாசலில் இறக்கி விட்டிருக்கிறேன். நான் உள்ளே நுழைந்தால் பாய்க்கு என் பேச்சைக் கேட்பதில் அப்படியொரு குஷி.

அவர் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு என்று மேலே போட்டிருந்தது.

"பாப்பாவுக்கா அண்ணே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வேகமாகத் தலையாட்டினேன். எனக்கு என்று சொல்லக் கூச்சம். பாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் எஸ்தரைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை. "பாப்பாவுக்குப் புடிக்கலைன்னா கொண்டாங்க அண்ணே, வேற மாத்தித் தாரேன்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டிக்குள் சில அட்டைகள். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டி வேறு வேறு படங்கள்: குடை, படகு, கடிகாரம், சாவி, ஆந்தை, இப்படி. அதே படங்கள் தனித்தனிச் சின்னச் சீட்டுகளாகவும் இருந்தன. சீட்டுகளைப் பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்துப் பெயர் சொல்ல வேண்டும். அந்தப் படம் யாருடைய அட்டையில் இருக்கிறதோ அவர் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். யார் அட்டை முதலில் நிரம்புகிறதோ அவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு.

ஜெசி போட்ட சட்டம்

முதல் நாள் குடை செவ்வாய்க்கிழமை ஆனது. அப்புறம் கடிகாரம் உருளைக்கிழங்கு ஆயிற்று. ஆந்தை, டிரைவர் சீட். படகைக் கையில் எடுத்தபோது என் வாயில் 'மாமியார்' என்று வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து எஸ்தர் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"எது வரலைன்னாலும் எங்கம்மா பேரு மட்டும் கரெக்டா வந்துருமே உங்களுக்கு!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன். நானும் சிரித்தேன். சிரிப்பு மட்டும் எனக்குக் கோணாமல் வந்தது.

விநோதம் என்னவென்றால், சில தப்புகள் அப்படியே ஒட்டிக்கொண்டன. மறுநாள் குடை வந்தாலும் செவ்வாய்க்கிழமைதான். ஜெசி ஒரு சட்டம் போட்டுவிட்டாள். அப்பா ஒரு படத்துக்கு எந்தப் பெயர் சொல்கிறாரோ அதுதான் அதன் பெயர். அவள் சீட்டு எடுக்கும்போதும் அதே பெயரைத்தான் சொல்வாள். என் மகளிடமிருந்து நான் என் பெயர்களைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னாலும் சரிதான்.

இதனால் எனக்குக் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல. வெளியே ஒருவரிடமும் வாய் திறக்காதவன், பாயில் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் கூச்சமில்லாமல் பேசினேன். நடுநடுவே சரியான பெயர்களும் வர ஆரம்பித்தன. பூனை முதலில் வந்தது, பிறகு மீன், பிறகு பஸ். அதோடு, பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். கைடு மூளை இன்னும் மழுங்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜெசி முன்பெல்லாம் சரியான பிடிவாதக்காரி. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள், ஷூ மாட்டமாட்டேன் என்று தெருவில் உருளுவாள். எனக்கு உடம்பு முடியாமல் போனபிறகு அதெல்லாம் நின்றுவிட்டது. நான் எழுந்தால் செருப்பை எடுத்து வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மிஸ் கூப்பிட்டனுப்பினார்

எஸ்தர் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். வெள்ளனே போய்விட்டு மதியம் வருவாள். ஒரு நாள் வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஷீலா மிஸ் கூப்பிட்டு விட்டிருந்தாங்க. போய்ட்டு வாரேன்."

ஷீலா மிஸ் ஜெசியின் யு.கே.ஜி. வகுப்பு ஆசிரியை. நாயுடுபுரத்துப் பெண்தான்.

"கிளாஸ்ல குடையக் காட்டினா செவ்வாய்க்கிழமைங்கிறாளாம். கடிகாரத்தக் காட்டினா உருளைக்கிழங்காம். ஒரு நா விளையாட்டுக்குச் சொன்னாப் பரவாயில்ல, கொஞ்ச நாளாவே இதே சோலிதானாம். இதுல கூட இருக்கற பிள்ளைகளும் அப்பிடியே சொல்ல ஆரம்பிச்சிருச்சுகளாம். ரெண்டு பிள்ளைகளோட அம்மாமாரு வந்து மிஸ்கிட்ட சத்தம் போட்டிருக்காங்க."

எஸ்தர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மிஸ் மரியாதையாத்தான் சொன்னாங்க. கொஞ்ச நாளைக்கு அப்பாகூட அந்த விளையாட்டு வேண்டாமேன்னாங்க. இவளும் இப்பத்தான பேசிப் பழகுறா. அவ பேச்சும் கெட்டுப்போயிருமோன்னு எனக்குப் பயமா கெடக்குங்க."

சொல்லிவிட்டு எஸ்தர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசையில் ஒன்றும் கொட்டியிருக்கவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நான் அவளைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தேன். என் நாக்கைப் பிடித்த சீக்கு பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டதா? ஒரு பெயர் சரியாக வரக் காத்திருந்து காத்திருந்து, ஒரு குழந்தையின் பேச்சைக் கெடுத்துவிட்டேனா? பெட்டியை நானே எடுத்து எஸ்தர் கையில் கொடுத்தேன். அவள் அதை அலமாரிக்கு மேலே, ஜெசிக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

ஜெசி பள்ளியிலிருந்து வந்து பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தாள். பெட்டி எங்கே என்று அம்மாவிடம் கேட்டாள். "கொஞ்ச நாளைக்கு வேண்டாம் கண்ணு" என்றாள் எஸ்தர். பழைய ஜெசியாக இருந்தால் வீட்டை ரெண்டாக்கியிருப்பாள். இவள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்கு

விளையாட்டு நின்றதும் நானும் நின்றுவிட்டேன். மறுபடியும் தலையாட்டலும் கை ஜாடையும்தான். வந்த மீனும் பூனையும்கூடப் போய்விட்டன. ஆனால் பள்ளியில் ஜெசியின் செவ்வாய்க்கிழமை நிற்கவில்லை. இன்னும் நான்கைந்து பிள்ளைகளுக்குப் பரவியிருந்ததாக ஷீலா மிஸ் மீண்டும் சொல்லி அனுப்பினார்.

எஸ்தரின் அக்கா வத்தலக்குண்டில் இருக்கிறார். அவருக்கு ஜெசி வயதை ஒட்டி இரண்டு பிள்ளைகள். ஒரு நாள் போனில் நெடுநேரம் பேசிவிட்டு வந்து எஸ்தர் சொன்னாள்.

"அக்கா வீட்ல விட்ருவோம்ங்க. அங்கனயே ஸ்கூல்ல சேத்துக்கிறாங்களாம். அந்தப் பிள்ளைகளோட சேந்து பேசிப் பழகட்டும். உங்களுக்கு நல்லாகுற மட்டும்தான்."

அப்புறம் அவளே கேட்டாள். "எனக்கு மட்டும் ஆசையாங்க? நான் விடியக்காலம் போனா மதியம் வாரேன். வீட்ல அவ யாரோட பேசுவா?"

'அனுப்பாதே' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். அதற்காக நான் எப்படி மூச்சைத் திரட்டினேன் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

"வேன் கெளம்புது" என்றேன்.

என் தொழிலில் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம். சனியன், அப்போது பார்த்து முழுசாக, சுத்தமாக வந்தது. எஸ்தர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாளா, இல்லையா என்று இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை. நான் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அழுதாலும் வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

குட்டி நாற்காலிகள்

டி.சி. வாங்க மூவருமாகப் போனோம். எஸ்தர் தனியாகப் போகத்தான் இருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன்.

பள்ளி விட்டபிறகு வகுப்பறையில் ஷீலா மிஸ் மட்டும் இருந்தார். பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். அந்த நிலையில் யாராலும் கௌரவமாகக் கவலைப்பட முடியாது.

"டி.சி.யா?" என்று மிஸ் பதறிவிட்டார். "அக்கா, நான் அதுக்கா கூப்பிட்டேன்? பிள்ளையக் கொஞ்சம் கவனிங்கன்னுதான சொன்னேன்."

"அங்க போனாச் சரியாயிரும்னு பாக்கறோம் மிஸ்."

மிஸ் மேசை டிராயரைத் திறந்து வகுப்பில் வைத்திருக்கும் படச் சீட்டுகளை எடுத்து வந்து ஜெசியின் முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"ஜெசி, இது என்னடா?"

ஜெசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"குடை."

கண்ணைத் திறந்தேன்.

"இது?"

"கடிகாரம். கிளாக்."

"இது?"

"ஆந்தை."

"இது?"

"படகு. ஏரியில போகுமே."

மிஸ்ஸும் எஸ்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பிள்ளையின் பேச்சு கெடவில்லை.

"எல்லாம் தெரியுதே! அப்பறம் ஏன் கிளாஸ்ல செவ்வாய்க்கிழமைன்னு சொன்ன?"

"அது அப்பா வெச்ச பேரு மிஸ்."

"சரிடா. அத வீட்ல சொல்லு. இங்க எதுக்கு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த?"

ஜெசி கவுனின் நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். எஸ்தர் பொறுமையிழந்து, "சொல்லு பிள்ள, மிஸ் கேக்குறாங்கல்ல" என்றாள்.

"கேம்ஸ் டே வருதுல்ல மிஸ்" என்றாள் ஜெசி, தரையைப் பார்த்தபடி. அந்தப் பள்ளியில் பருவ முடிவில் ஒருநாள் அப்பா அம்மாக்களை வரவழைத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாட வைப்பார்கள். "அன்னைக்கு அப்பாவும் வருவாங்க. அப்பா குடைய செவ்வாய்க்கிழமைன்னு சொல்லுவாங்க. கிளாஸ்ல யாருக்கும் தெரியாதுல்ல, சிரிப்பாங்க. அதான் முன்னாடியே சொல்லிக் குடுத்தேன்."

அவள் எங்களைத் தைரியப்படுத்துகிற மாதிரி சேர்த்துக்கொண்டாள்.

"எல்லாரும் கத்துக்கிட்டாங்க மிஸ். ஹரீஷ் மட்டும்தான் மறந்து மறந்து போறான்."

ஷீலா மிஸ் சீட்டுகளை அடுக்குவதுபோலக் குனிந்துகொண்டார். அப்படியே "வீட்ல விளையாடும்போது யாருடா ஜெயிப்பா?" என்று கேட்டார். பேச்சை மாற்றத்தான் கேட்டிருப்பார்.

"அப்பாதான்."

"எப்பவுமா?"

"எனக்குக் கடைசிப் படம் வந்தா நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன். திரும்பப் பையில போட்ருவோம். அப்பா தோத்தா பேசமாட்டாங்க மிஸ்."

நான் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். கைடு மூளை, கர்வம் எல்லாம் அன்றோடு சரி. என் பிள்ளைக்கு ஐந்து வயது. தட்டைத் தள்ளிவிட்டு, தெருவில் உருண்டு அழவேண்டிய வயது. அவள் ஒரு ஊமை அப்பனைத் தூக்கிக்கொண்டு, அவனுக்காக ஒரு வகுப்பையே தயார் செய்துகொண்டு திரிந்திருக்கிறாள். நாங்கள் அதைப் பொறுப்பு என்று கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கு அவளை அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

எஸ்தர் எழுந்தாள். "டி.சி. வேண்டாம் மிஸ்" என்றாள். வெளியே வந்ததும் மேகத்துக்குள் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் போட்டாள். "இப்ப அனுப்பலக்கா. இல்லக்கா, ஒண்ணும் இல்ல. பிள்ள நல்லாத்தான் இருக்கா." அவ்வளவோடு போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். ஜெசியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "இனிமே உனக்குக் கடைசிப் படம் வந்தா நீதான் எடுத்துக்கணும். அப்பா தோத்தாலும் பேசுவாங்க. ஏங்க, பேசுவீங்கல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"ம்" என்றேன். பிறகு, அது போதாது என்று தோன்றியதால், "பேசுவேன்" என்றேன். வந்தது.

ஜெசி நம்பவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது.

கேம்ஸ் டே

பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தி, தரையில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அப்பாக்கள், அம்மாக்கள், எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். ஜெசி என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். உள்ளங்கை வேர்த்திருந்தது, யாருடையது என்று தெரியவில்லை.

படம் பொருத்தும் விளையாட்டின் முறை வந்தபோது ஷீலா மிஸ் நேராக வந்து துணிப்பையை என் கையில் கொடுத்தார். "சார், நீங்கதான் சீட்டு எடுத்துப் பேர் சொல்லணும்."

எஸ்தர் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கையமர்த்தினேன். எத்தனை வேன் கூட்டத்தைப் பார்த்தவன் நான்! ஆனாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையோடு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் சீட்டு பூனை. "பூனை" என்றேன். யாரோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் பஸ். அதுவும் வந்தது. அடுத்தது சாவி. வாய் என்னவோ சொன்னது, எனக்கே பிடிபடவில்லை. ஒரு அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளைகள் பார்க்கவில்லை. சீட்டிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து தங்கள் அட்டையில் தேடினார்கள். அவர்களுக்கு அதுதான் வேலை.

போகப்போக எனக்கு மூச்சு சீரானது. சரியும் தப்புமாக வந்துகொண்டே இருந்தது, சீட்டுகளும் குறைந்துகொண்டே வந்தன. ஜெசியின் அட்டையில் ஒரே ஒரு கட்டம் பாக்கி. அதில் ரயில். எதிரே உட்கார்ந்திருந்த ஹரீஷுக்கும் ஒன்றுதான் பாக்கி. ஜெசி என்னைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். காலியாக இருந்த கட்டத்தின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு பையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

கையை விட்டேன். எடுத்தேன். சீப்பு.

"பில்லர் ராக்" என்றேன்.

சீட்டைத் திருப்பிக் காட்டினேன். ஹரீஷ் துள்ளிக் குதித்தான். "எங்கிட்ட இருக்கு பில்லர் ராக்! நான் ஜெயிச்சிட்டேன் மிஸ்! பில்லர் ராக்!"

எங்கள் ஊரில் நெட்டுக்கு நிற்கும் அந்தப் பாறைகளுக்கும் சீப்புக்கும் ஏதோ ஜாடை இருக்கத்தான் செய்கிறது போலும், பின்னாலிருந்த பெற்றோர் சிலர் சிரித்துக் கை தட்டினார்கள். நான் ஜெசியைப் பார்த்தேன்.

அவள் உதடு பிதுங்கியது. முகம் சிவந்தது. அட்டையைத் தூக்கி எறிந்தாள். சீட்டுகள் ஜமுக்காளம் முழுக்கச் சிதறின.

"ஏம்ப்பா எனக்குள்ளத எடுக்கல! ரயில ஏன் எடுக்கல! நீ தப்பா எடுத்துட்ட! போப்பா!"

தரையில் விழுந்து காலை உதைத்துக்கொண்டு அழுதாள். நான் குனிந்து தூக்கப் போனேன். எல்லோர் முன்னாலும் என் தோளில் பட்டுப் பட்டென்று அடித்தாள். எஸ்தர் ஓடி வந்தாள், "ஏய், அப்பாவயா அடிக்கிற!" என்று கையை ஓங்கினாள்.

நான் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அடிக்கட்டும்" என்றேன்.